ஆறு கூடும் ஊர்: கோலாலம்பூரில் ஐந்து வேலை நாள்

ஞாயிறு, பட்டர்வொர்த் நிலையம்

மலேசியாவின் வடக்கே இருப்பவர்களுக்குத் தலைநகர் என்றாலே ஒரு சலிப்பு உண்டு. டோல், நெரிசல், பார்க்கிங் என்று மூன்று சொல்லில் அந்த ஊரை முடித்துவிடுவார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் விடியற்காலையில் காரை எடுத்து, இரவோடு இரவாக வீடு திரும்பத் துடிப்பவர்கள்தான் அதிகம். இந்த வாரக் குறிப்புகள் அவர்களுக்காக. கோலாலம்பூர் உல்லாசப் பயணிகளைவிட வேலையாக வந்து போகிறவர்களுக்கே மனசைத் திறக்கிற ஊர். அதற்கு இரண்டு நிபந்தனை. காரை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். குறைந்தது நான்கு இரவு அங்கே தங்க வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூரின் மைய நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். மின்ரயில் ஏறக்குறைய நாலேகால் மணி நேரத்தில் போய்ச் சேரும். மீட்டர் கேஜ் தடத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. டிக்கெட்டை ரயில் நிறுவனமான கே.டி.எம். செயலியில் எடுப்பதே நல்லது. ஞாயிறு மாலை தெற்கே போகும் வண்டிகளும், வெள்ளி மாலை வடக்கே வரும் வண்டிகளும்தான் முதலில் நிரம்பும். தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை வாரங்களில் பல வாரம் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவில் கொடுக்கும் அடையாள அட்டை எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். அலுவலகத்தில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும்போது எண்கள் இடம் மாறிப்போவது வழக்கமான தவறு. அது பரிசோதகர் வரும்போதுதான் தெரியவரும்.

பெட்டிக்குள் குளிர் கடுமை. மெல்லிய சட்டையோடு ஏறினால் ஈப்போ வருவதற்குள் கை விறைத்துப்போகும். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் மடித்து வைக்காமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பாகான் செராய் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரியின் மேலாக வண்டி ஓடும். இருபுறமும் தண்ணீர். அந்தச் சில நிமிடம் மடிக்கணினியை மூடிவைப்பது நல்லது. தைப்பிங்குக்கும் கோலகங்சாருக்கும் இடையில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளும் பெராப்பிட் சுரங்கம் வரும். முக்கியமான தொலைபேசி அழைப்பை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரும் கே.எல். சென்ட்ரலில்தான் இறங்க வேண்டும் என்பதில்லை. வேலை டாமான்சாரா பக்கம் என்றால், உங்கள் வண்டி சுங்கை பூலோவில் நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே இறங்கி எம்.ஆர்.டி. என்ற நகர ரயிலின் புத்ராஜெயா தடத்தில் குவாசா டாமான்சாரா வரை போய், அங்கே காஜாங் தடத்துக்கு மாறலாம். நகரத்துக்குள் போய் மறுபடி வெளியே வரும் நேரம் முழுவதும் மிச்சம். தித்திவங்சா, அம்பாங் பார்க், சைபர்ஜெயா பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் எளிது. சுங்கை பூலோவிலிருந்து அதே புத்ராஜெயா தடம், மாறவே தேவையில்லை.

விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒரு வரி. விமான நிலையத்தின் இரண்டு முனையங்களும் தனித்தனிக் கட்டடம், நடந்து போகிற தூரமில்லை. எக்ஸ்பிரஸ் ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம், இரண்டாவதிலிருந்து 33 நிமிடம். கட்டணம் 55 வெள்ளி (ரிங்கிட்).

திங்கள், பிரிக்ஃபீல்ட்ஸ்

எங்கே தங்குவது என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: பிரிக்ஃபீல்ட்ஸ். கூட்டம் இரட்டைக் கோபுரம் நிற்கும் கே.எல்.சி.சி.யில் இருந்தாலும் சரி, புத்ராஜெயாவில் இருந்தாலும் சரி. கே.எல். சென்ட்ரலைச் சுற்றியே இந்தப் பகுதி இருப்பதால், எந்தத் திசையில் போவதென்றாலும் பெரும்பாலும் ஒரே ஒரு முறை மாறினால் போதும். இரவு எட்டு மணிக்குச் சோர்ந்து திரும்பும்போது இடியாப்பமும் புட்டும் கிடைக்கிற தெருவும் இதுதான்.

செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதால் வந்த பெயர் இது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த கோலாலம்பூரை அழித்தன. பிறகு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹம் இனிமேல் செங்கல்லும் ஓடும் வைத்தே கட்ட வேண்டும் என்று விதித்தார். அந்தக் கல் இங்கே சுட்டது. பின்னால் ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாக்களும் நிலைய அதிபர்களும், தமிழ்நாட்டிலிருந்து தண்டவாளத் தொழிலாளர்களும் குடியேறினார்கள். ஸ்கோட் சாலையில் இருக்கும் கந்தசுவாமி கோவில் யாழ்ப்பாணத்தார் எழுப்பியது. 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரலும் பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில்தான் நிற்கிறது. பிரதான சாலைக்கு இன்று முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனின் பெயர். 2010இல் லிட்டில் இந்தியா என்று வளைவும் வண்ணமும் பூசினார்கள். வளைவைவிட, அதற்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் நடப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இனி இந்த ஊரின் சூட்சுமம். கோலாலம்பூரில் ரயில் தடங்களுக்குக் குறைவில்லை. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், கொமுட்டர் என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் போட்டவை. முதல் எல்.ஆர்.டி. 1996, மோனோரயில் 2003, எம்.ஆர்.டி. காஜாங் தடம் 2016 கடைசி, புத்ராஜெயா தடம் முழுமையானது 2023. தடம் ஒவ்வொன்றும் நன்றாக ஓடுகிறது. தகராறெல்லாம் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான். வரைபடத்தில் இரண்டு வட்டம் ஒட்டியிருக்கும், நேரில் போனால் நடை இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கூட்டத்துக்குத் தாமதமாவது இந்த இணைப்புகளில்தான். அவற்றைப் பழகிக்கொண்டால் பாதி ஊர் கைக்குள் வந்துவிடும்.

மோனோரயிலின் கே.எல். சென்ட்ரல் நிலையம் கே.எல். சென்ட்ரலுக்குள் இல்லை. நு சென்ட்ரல் அங்காடி வளாகத்தின் ஊடாக நடந்து மறுபக்கம் துன் சம்பந்தன் சாலை ஓரத்துக்குப் போக வேண்டும். பெட்டியோடு போனால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எம்.ஆர்.டி.க்குப் போவதென்றால் மியூசியம் நெகாரா நிலையம். அதற்குத் தனி நடைபாதை இருக்கிறது, ஏறக்குறைய 240 மீட்டர். அட்டையைத் தட்டி வெளியேறி, மறுபடி தட்டி உள்ளே போக வேண்டும். மோனோரயிலின் புக்கிட் நானாஸும் எல்.ஆர்.டி.யின் டாங் வாங்கியும் இதே கதைதான். அம்பாங் பார்க்கில் எல்.ஆர்.டி.யும் எம்.ஆர்.டி.யும் ஒரே பெயரில் இருந்தாலும் வெவ்வேறு கதவு. மஸ்ஜித் ஜாமெக், பசார் செனி இரண்டும் உள்ளேயே மாறக்கூடியவை. டி.ஆர்.எக்ஸ். (துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச்) நிலையம் எல்லாவற்றிலும் இனியது. இறங்கி எதிரே நடந்தால் அடுத்த தடத்தின் வண்டி.

இதன் பயனைக் காலை எட்டு மணிக்குப் பார்க்கலாம். கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.எல்.சி.சி.க்கு எல்.ஆர்.டி. கிளானா ஜெயா தடத்தில் ஐந்தாவது நிலையம். எல்லோருக்கும் தெரிந்த வழி என்பதால் அந்த நேரத்தில் மேற்கிலிருந்து வரும் வண்டிகள் நிரம்பியே வரும். இரண்டு வண்டியை விட்டுத்தான் ஏற முடியும். மாற்று வழி இது: மியூசியம் நெகாராவுக்கு நடந்து, காஜாங் தடத்தில் டி.ஆர்.எக்ஸ். வரை போய், எதிரே புத்ராஜெயா தடத்தில் ஏறினால் கொன்லே, அடுத்தது பெர்சியாரான் கே.எல்.சி.சி. அங்கிருந்து இரட்டைக் கோபுரத்துக்கு நடக்க வேண்டும். கடிகாரக் கணக்கில் சற்றுக் கூடும். ஆனால் சட்டை கசங்காமல், நின்றாவது மூச்சு விட்டுக்கொண்டு போகலாம். காலைக் கூட்டத்துக்கு அது பெரிய விஷயம்.

எந்தத் தடத்திலும் பலகையில் கடைசி நிலையத்தின் பெயர்தான் இருக்கும். கிளானா ஜெயா தடத்தில் கே.எல்.சி.சி. போக ‘கோம்பாக்’, பங்சார், பெட்டாலிங் ஜெயா போக ‘புத்ரா ஹைட்ஸ்’. இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டால் தப்பான மேடையில் நிற்க மாட்டீர்கள். பயணக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் இருப்பு மிகக் குறைந்தால் கதவு திறக்காது என்பதால் காலை அவசரத்துக்கு முன் இரவே பணம் போட்டு வையுங்கள். தொலைபேசியில் ஒட்டிப் பணம் ஏற்றும் வசதி புதிய வகை அட்டைக்கு மட்டும். பழைய நீல அட்டை வைத்திருப்பவர்கள் முகப்பையோ இயந்திரத்தையோ தேட வேண்டும். ஒற்றைப் பயணத்துக்கு நீல நிறப் பிளாஸ்டிக் டோக்கன் வரும். உள்ளே போகும்போது தட்ட வேண்டும், வெளியேறும்போது துளையில் போட வேண்டும். மாதத்தில் இரண்டு வாரம் இங்கேயே இருக்கும் மலேசியர்கள் 50 வெள்ளி மாதப் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைக் காலையும் மாலையும் பார்க்கலாம். தரையில் பதித்திருக்கும் மஞ்சள் கற்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. நீளக் கோடுகள் இருந்தால் ‘நேரே நட’, உருண்டைப் புள்ளிகள் இருந்தால் ‘நில், கவனி’ என்று பொருள். கோலின் நுனி கோட்டில் உரசும்போது வரும் சத்தமும் புள்ளிகளில் தட்டும்போது வரும் சத்தமும் வேறு வேறு. ஒரு நிமிடம் நின்று கேட்டால் உங்களுக்கே பிரித்தறிய முடியும். அந்த மஞ்சள் மேல் பெட்டியை நிறுத்திவிட்டுத் தொலைபேசி பார்க்காதீர்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்கவே வயிறு எரியும். சாலை கடக்க யாராவது உதவி கேட்டால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் முழங்கையை அவர் கைக்குக் கொடுங்கள், அரை அடி முன்னால் நடங்கள், படி வந்தால் ‘ஏறுது அண்ணே’, ‘இறங்குது அக்கா’ என்று சொல்லுங்கள். போதும்.

செவ்வாய், மழை

இன்று நாலு மணிக்கு முன்பே கொட்டியது. கோலாலம்பூரின் மழையைப் புரிந்துகொள்ளாமல் அங்கே வேலைத் திட்டம் போடுவது வீண்.

மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், நடுவே கிள்ளான் பள்ளத்தாக்கு. வெயிலில் நிலம் சூடேற ஏற, கடற்காற்று ஈரத்தை உள்ளே கொண்டுவருகிறது. மலைக்கு இந்தப் பக்கமே அது மேலெழுந்து பிற்பகலில் இடியும் மின்னலுமாக இறங்குகிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது அன்றாடம் போல. காலை பத்து மணிக்கு வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும். அதை நம்பக் கூடாது.

ஆகவே வெளி வேலைகள், இடம் பார்ப்பது, அரசு முகப்புகள் எல்லாம் மதியத்துக்கு முன். இரண்டு மணிக்கு மேல் ஒரே கட்டடத்துக்குள் முடிகிற வேலை. மூன்றரைக்குக் கூட்டம் முடிகிறதென்றால் பேச்சை வளர்க்காமல் ரயில் நிலையத்துக்குள் புகுந்துவிடுங்கள், அல்லது ஆறரை வரை அங்கேயே இருங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால்தான் சிரமம். மழை விழுந்த ஐந்தாவது நிமிடம் செயலியில் கூப்பிடும் கிராப் காரின் கட்டணம் ஏறும், ஓட்டுநர்கள் ரத்து செய்வார்கள், பத்து நிமிட தூரத்துக்கு ஒரு மணி நேரம் சாலையில் நிற்க நேரும். மழையில் கார் தேடுவதைவிட நனையாமல் நடக்கும் வழி தேடுவதே இந்த ஊரில் புத்தி. கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்திலிருந்து புக்கிட் பிந்தாங் வரை மேலே ஒரு நடைபாலம் போகிறது. ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், குளிரூட்டியது, காசு கிடையாது. மழை நாளில் இரண்டு பகுதிக்கும் இடையே இதைவிட வேகமான வழி இல்லை. இரவு நெடுநேரமானால் மூடிவிடுவார்கள்.

பழைய பகுதிகளில் அஞ்சடி இருக்கிறது. கடைவீட்டின் மேல்மாடியைத் தாங்கும் தூண்களுக்கு உள்ளே ஐந்தடி அகலத்தில் விட்ட நடைபாதை. வெயிலுக்கும் மழைக்கும் நூறு வருடத்துக்கு மேலாக இதுதான் குடை. கவனம் தேவைப்படுவது கடைக்குக் கடை மாறும் தரைமட்டத்தில். ஒரு கடை ஓரடி உயரம், அடுத்தது பளபளப்பு ஓடு, அதற்கடுத்தது சரிவு. தோல் அடிச் செருப்போடு ஈர ஓட்டில் கால் வைத்தால் வழுக்கும். ரப்பர் அடி வைத்த காலணி, மடிக்கணினிப் பைக்கு ஒரு மழை உறை, பைக்குள் ஒரு ஜோடி காலுறை. வேலைப் பயணத்துக்கு இந்த மூன்றும் டையைவிட அவசியம்.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் ஊரைக் கட்டியதால் தண்ணீர் தேங்குவது பிறவிக் குணம். அதற்காகத்தான் ஸ்மார்ட் சுரங்கம் தோண்டினார்கள். 2007இல் திறந்தது, நீளம் 9.7 கிலோமீட்டர், அதில் ஒரு பகுதி கார் ஓடும் சாலை. சாதாரண நாளில் வண்டி மட்டும். நடுத்தர மழையில் சாலைக்குக் கீழ் உள்ள வாய்க்காலில் வெள்ளத்தை விட்டுக்கொண்டே மேலே வண்டியை ஓடவிடுவார்கள். பெருமழை என்றால் வண்டிகளை வெளியேற்றிவிட்டு, கதவுகளைத் திறந்து சுரங்கம் முழுவதையும் ஆற்றுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கனமழையில் ஓட்டுநர் ‘ஸ்மார்ட் மூடிட்டாங்க’ என்றால் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சுரங்கம் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

மழை விடும்வரை உட்கார, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையைவிட நல்ல இடம் இல்லை. தே தாரிக் என்ற இழுத்த தேநீரை ஆற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். துணி வடிகட்டியில் தூள் கெட்டியாக ஊறியிருக்கும். குவளையில் முதலில் கெட்டிப்பால், அதன் மேல் சாயம். பிறகு இரண்டு எவர்சில்வர் குவளைகளுக்கு இடையே கைநீள இழுவையில் நாலைந்து முறை. அந்த இழுவை மூன்று வேலை செய்கிறது: அடியில் படியும் கெட்டிப்பாலைக் கலக்குகிறது, கொதிசூட்டைக் குடிக்கும் சூட்டுக்கு இறக்குகிறது, காற்றை அடித்து நுரை எழுப்புகிறது. இனிப்பு வேண்டாம் என்பவர்கள் செய்யும் தவறு ‘தே தாரிக், குராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்று கேட்பது. இதில் இனிப்பும் பாலும் ஒரே டின்னிலிருந்து வருவதால், இனிப்பைக் குறைத்தால் பாலும் குறைந்து வெறும் சாயமாக நீர்த்துவிடும். ‘அண்ணே, தே சி, குராங் மானிஸ்’ என்று கேளுங்கள். தே சி என்பது இனிப்பில்லாத டின்பால், சீனியைத் தனியாகப் போடுவது. கெட்டி குறையாமல் இனிப்பு மட்டும் குறையும். பாலே வேண்டாமென்றால் ‘தே ஓ’, சீனியும் வேண்டாமென்றால் ‘தே ஓ கோசோங்’. கட்டிக்கொண்டு போக ‘புங்குஸ்’ என்றால் பிளாஸ்டிக் பையில் நாடா கட்டி, நீர்க்குழலோடு கைக்கு வரும்.

புதன், பங்சார் பக்கம்

இன்று எழுத அதிகமில்லை. முழு நாளும் ஒரே கட்டடம்.

கூட்டத்துக்குப் போகும் முன் எதிரே உட்காரப்போகிறவரின் விருதைச் சரிபாருங்கள். டத்தோ, டத்தோ ஸ்ரீ, டான் ஸ்ரீ, துன் எல்லாம் வேறு வேறு. மின்னஞ்சலில் தவறாகப் போட்டால் வெளியே சொல்ல மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள். விருது இல்லாதவர்களில் ஆணுக்கு என்சிக், பெண்ணுக்குப் புவான். தமிழர் என்று தெரிந்தாலும் முதல் சந்திப்பில் உத்தியோக மரியாதையோடு தொடங்கி, தேநீர் இடைவேளையில் அண்ணன், அக்காவுக்கு இறங்குவதே இங்கே முறை. அரசு அலுவலகத்துக்குச் செருப்பும் கையில்லாச் சட்டையும் ஆகாது, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிகளின் லயங்கள் இருந்த மண்ணில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள். எல்.ஆர்.டி.யில் அந்தப் பக்கம் போகும்போது இது நினைவில் இருந்தால் போதும், ஊர் அந்நியமாகத் தெரியாது. அடுத்தடுத்து அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, யுனிவர்சிட்டி. கடைசியில் சொன்ன நிலையம் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கானது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது இந்த ஊரில்தான். தனிநாயகம் அடிகள் அப்போது இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் இருந்தார். சென்னையில் அது கூடுவதற்கு இரண்டு வருடம் முன்பே.

வியாழன், வேலை முடிந்து ஆறு மணிக்கு

ஆறு மணிக்கு ரயிலில் ஏறி ஓட்டலுக்குத் திரும்புகிறவர்கள் நெரிசலையும் வாங்கிக்கொள்கிறார்கள், ஊரின் மிக நல்ல ஒன்றரை மணி நேரத்தையும் இழக்கிறார்கள். ஏழரைக்கு மேல் அதே வண்டிகளில் உட்கார இடம் கிடைக்கும். அதுவரை நடக்கலாம். மழை நின்ற பிறகு காற்று குளிர்ந்திருக்கும்.

பசார் செனியில் இறங்குங்கள். துன் எச்.எஸ். லீ சாலையில் மகா மாரியம்மன் கோவில். தம்புசாமிப் பிள்ளை 1873இல் தொடங்கியது. பத்துமலையும் அவர் கண்டதுதான். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்துதான் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு, வழியெல்லாம் தேங்காய் உடைபட்டு, விடிந்து பத்துமலை போய்ச் சேரும். அந்த வாரத்தில் கூட்டம் வைத்தால் சாலை மூடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வியாழன் மாலையில் கோவிலுக்குள் அலுவலக அட்டை கழுத்தில் தொங்க நிற்பவர்களே அதிகம். காலணியை வெளியே வைக்க இடம் உண்டு. மடிக்கணினிப் பையை மட்டும் தோளிலிருந்து இறக்க வேண்டாம்.

அங்கிருந்து வடக்கே பத்து நிமிடம் நடந்தால் லெபோ அம்பாங். செட்டியார்கள் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய தெரு. ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் போன கடனில் எவ்வளவோ இந்த மாடிப்படிகளில் கைமாறியது. தெருவில் நடக்கும்போது கீழே பார்க்காமல் மேல்மாடியைப் பாருங்கள். கீழே கடைப்பலகை மாறிக்கொண்டே இருக்கும். பழைய வேலைப்பாடு மேலேதான் மிச்சம்.

இன்னும் சில நிமிடத்தில் மஸ்ஜித் ஜாமெக். 1909இல் திறந்தது. ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஹப்பக் வடிவமைத்தது. 1910இல் வந்த பழைய ரயில் நிலையமும் அவர் கைவேலைதான். பள்ளிவாசலுக்குப் பின்னால் இரண்டு ஆறும் கூடுகிற முனை. இடப்பக்கம் கோம்பாக், வலப்பக்கம் கிள்ளான் என்று நினைவில் வைக்க, தெற்கேயிருந்து வடக்கே பார்த்து நிற்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஈயம் தேடி ஆற்றில் ஏறி வந்த படகுகள் இதற்கு மேல் போக முடியாமல் நின்ற இடம் இது. சரக்கை இறக்கினார்கள், கடை போட்டார்கள், ஊரானது. கோலா என்றால் முகத்துவாரம், கூடும் இடம். லும்பூர் என்றால் சேறு. இப்போது கரையில் நீல விளக்கும் புகைபோல் பனிநீரும் விடுகிறார்கள். புகைப்படம் எடுக்கிறவர்கள் அதற்காக எட்டு மணிக்கு மேல் வருகிறார்கள். விளக்குப் போடுவதற்கு முன், மக்ரிப் (அந்தி) பாங்கு கேட்கும் நேரத்தில் வந்து நிற்பதே நல்லது என்பேன். தண்ணீரின் நிறம் இரண்டாகத் தெரியும், மழை பெய்த நாளில் இன்னும் தெளிவாக. மேலே எல்.ஆர்.டி. ஓடும், கீழே ஆறு போகும், நடுவில் ஆயிரம் பேர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். திங்கள்கிழமை சொன்ன இணைப்புகளில் மிகப் பழையது இதுதான். ரயில் தடங்கள் இதே இடத்தில் கூடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பக்கத்துச் சாலை மஸ்ஜித் இந்தியா. துணி, பூமாலை, பித்தளை, புத்தகம், நாட்டு மருந்து எல்லாம். வீட்டுக்கு வாங்க வேண்டியதை இன்றே வாங்கிவிடுங்கள். வெள்ளி மாலை பெட்டியோடு இங்கே வர முடியாது.

வெள்ளி, இலை போட்டு

வெள்ளிக்கிழமை நேரக்கணக்கு வேறு. ஜும்மா தொழுகைக்காக அரசு அலுவலகங்களில் மதியம் 12.15லிருந்து 2.45 வரை இடைவேளை, தனியார் நிறுவனங்களிலும் நீண்ட மதியம்தான். கையெழுத்து வாங்க வேண்டியதைப் பதினோரு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வைத்த கூட்டத்துக்கு ஆள் வந்தாலும் மனம் வராது.

அந்த நீண்ட மதியம் வாழையிலைக்கு. வெள்ளியில் சைவம் சாப்பிடுவோர் அதிகம் என்பதால் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகள் பன்னிரண்டரைக்கே நிரம்பிவிடும். பன்னிரண்டுக்குள் உட்காருங்கள். சோறு, மூன்று காய்கறி, அப்பளம், ரசம், மோர் எல்லாம் இலைக் கணக்கில் அடக்கம். கேட்டால் மறுசோறு வரும். குழப்பம் வருவது தட்டில் ஏந்தி வரும் மீன் பொரியல், நண்டு, சொத்தோங் எனும் கணவாயில்தான். அவை தனிக் கணக்கு, அளவைப் பொறுத்து விலை. ‘தம்பி, இது எவ்வளவு?’ என்று இலையில் விழும் முன் கேட்டுவிட்டால் முகப்பில் முகம் சுளிக்க வேண்டியதில்லை. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் கிளாசில் வாங்கிக் கடைசியில் குடியுங்கள், குளிரூட்டிய அறையில் நாலு நாள் இருந்த தொண்டைக்கு அதுதான் மருந்து. முடிந்ததும் இலையின் மேல்பாதியை உங்கள் பக்கமாக மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டுக்கு.

அறையைக் காலையிலேயே காலி செய்து பெட்டியை ஓட்டல் முகப்பில் விட்டுவிடலாம். மாலை வண்டி ஐந்தரைக்கு என்றால் ஐந்துக்கு நிலையத்தில் இருங்கள். வெள்ளி மாலை கே.எல். சென்ட்ரலின் கூட்டத்தில் மின்படி ஏறவே பத்து நிமிடமாகும். மேடைக் கதவை வண்டி கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்பே அடைத்துவிடுவார்கள். குடிநீரும் இரண்டு வடையும் வாங்கிக்கொள்ளுங்கள். தண்டவாளத்தின் இரு புறமும் செகாம்புட், கெப்போங் என்று ஊர் மெல்ல அவிழ்ந்து, தஞ்சோங் மாலிம் தாண்டிய பிறகு இருட்டிவிடும்.

டச் அண்ட் கோ அட்டையில் மிச்சமிருக்கும் பத்துப் பதினைந்து வெள்ளியை டோலுக்கோ பெட்ரோலுக்கோ செலவழித்துவிடாதீர்கள். பணப்பையின் பின் அறையில் அப்படியே இருக்கட்டும். அடுத்த மாதம் கே.எல். சென்ட்ரலில் இறங்கியதும் வரிசையில் நிற்காமல் நேராகக் கதவுக்குப் போகலாம்.